வலி இல்லாத ஆண்டுகள்

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கி முடிச்சூர் சாலையில் நடந்தால், கொஞ்ச தூரத்துக்கு ஒரு பல் மருத்துவமனைப் பலகை வந்துகொண்டே இருக்கும். கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று போனாலும் இதே காட்சிதான். மருந்துக்கடையின் மாடியில், பேக்கரிக்குப் பக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் என்று எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பற்கள் சிரிக்கும் பலகைகள். பல் மருத்துவக் கல்லூரிகளும் இந்தப் புறநகரைச் சுற்றி வளையம் போல நிற்கின்றன. பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, வண்டலூரை அடுத்த ரத்தினமங்கலத்தில் தாகூர், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் ராகாஸ். பொதுவாகக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு. பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் பார்ப்பார்கள், நேரம்தான் கொஞ்சம் கூடுதலாகும்.

பல்லுக்கு மருத்துவர் கிடைக்காத ஊர் என்று தாம்பரத்தைச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நாற்காலியில் வந்து சாய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: “ரெண்டு நாளா ராத்திரி தூக்கமே இல்லை டாக்டர்.” கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, முன்தினம் கிராம்பை மென்று பார்த்து, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு, அதற்கும் அடங்காமல் வருகிறார்கள். பல் அன்றைக்குக் கெடவில்லை. அது கெடத் தொடங்கி ஓரிரு ஆண்டுகளாவது ஆகியிருக்கும். அந்த ஆண்டுகளில் வலி இல்லை. வலி இல்லாததால் யாரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பல்லை இழப்பது அந்த ஆண்டுகளில்தான். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

நாடு முழுவதற்குமான கணக்கொன்று இருக்கிறது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வின்படி, 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 35 முதல் 44 வயதுக்காரர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய்நோய் இருப்பதாகச் சொல்கிறது. இவ்வளவு பேருக்கு வரும் ஒரு நோயை நாம் நோயாகவே நினைப்பதில்லை. வயதானால் பல் போகும், பிள்ளை என்றால் பல் சொத்தையாகும் என்று தலைவிதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பல்லில் நடப்பதை ஒரு டீக்கடையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்தை இங்கே எல்லோரும் மெப்ஸ் என்றுதான் சொல்வார்கள். ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர் ஒரு டீ வாங்குகிறார். இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே ஒரு பிஸ்கெட். முதல் வாய் உள்ளே போன சில நிமிடங்களில், பல்லின்மேல் படிந்திருக்கும் கிருமிப் படலம் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றத் தொடங்குகிறது. வாய்க்குள் அமிலம் கூடி பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோடான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைய ஆரம்பிக்கும். பிறகு உமிழ்நீர் மெதுவாக அமிலத்தை நீர்த்துச் சமன்செய்யும், கரைந்த சத்தைத் திரும்பப் பல்லிலேயே படியவைக்கும். இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 1940களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீபன் என்பவர் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து வரைந்து காட்டினார். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்த வளைகோட்டைப் படிக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை தடவை என்பதும் கணக்கில் சேரும். ஒரு டீயை ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்கிறவரின் பல்லுக்கு மீள நேரம் கிடைக்கிறது. சிறுசேரியிலோ சோழிங்கநல்லூரிலோ இரவு வேலையில் கணினி முன்னால் ஒரு கோப்பைக் காபியை ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருப்பவரின் பல்லுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. சுவீடனில் விபெஹோல்ம் என்ற, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகத்தில் 1945 முதல் சில ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு தின்றவர்களைவிட, சாப்பாடுகளுக்கு இடையில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குப் பல் மிக வேகமாகச் சொத்தையானது. மறுக்கத் தெரியாத நோயாளிகளின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. அப்படியொரு சோதனையை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அந்த மனிதர்கள் கொடுத்த விலையை நினைத்தாவது நாம் அந்தப் பாடத்தை வீணாக்காமல் இருக்க வேண்டும்.

எனாமலுக்கு நரம்பு கிடையாது. சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கியதும் பல்லில் சுண்ணாம்புக் கட்டியின் நிறத்தில் மங்கலான ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். பல்லை உலரவைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். இந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு பேஸ்ட்டும் சாப்பாட்டு ஒழுங்கும் இருந்தால் கெட்ட பல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், துளைக்க வேண்டியதே இல்லை. கவனிக்காமல் விட்டால் புள்ளி பழுப்பாகி, குழியாகி, எனாமலைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள் இறங்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் வருவது அப்போதுதான். அங்கே அடைத்துவிட்டால் ஓரிரு தடவையோடு முடிந்தது. அதையும் தாண்டி நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் நடுப்பகுதியை எட்டிய பிறகுதான் தூக்கம் கெடுக்கும் வலி. அதன் பிறகு ரூட் கெனால், கேப் என்று பல நாள் நடக்க வேண்டும். பணமும் பல மடங்காகும். முடியாதவர் “பிடுங்கிடுங்க டாக்டர்” என்பார். ஒரே பல், ஒரே நோய். வெள்ளைப் புள்ளிக்கும் பிடுங்குவதற்கும் இடையில் கழிந்துபோனவை அந்த வலியில்லாத ஆண்டுகள்.

ஈறு நோய் இன்னும் அமைதியானது. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, வாயில் நாற்றம், கொஞ்சம் வீக்கம். வலி மட்டும் இல்லை. கிருமிப் படலம் இறுகிக் காரையாகிறது. காரைக்குக் கீழே ஈறு பல்லைவிட்டு விலகுகிறது, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு தேய்கிறது. சொத்தையே இல்லாத முழுப்பல் ஒருநாள் ஆடத் தொடங்கும். நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லும் ஒரு பேச்சு இங்கே வந்து சேர்கிறது: “க்ளீனிங் பண்ணிக்காதே, பல்லு ஆடிப்போயிடும்.” அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரியாமல் இல்லை. எலும்பு ஏற்கெனவே தேய்ந்துபோன வாயில் காரைதான் பற்களைச் சிமென்டு போலக் கட்டி வைத்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். க்ளீனிங் ஆட்டத்தை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. இதேபோல மேல்பல்லைப் பிடுங்கினால் கண் தெரியாமல் போய்விடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. பல்லின் உணர்வைக் கொண்டுபோவது மூளையின் ஐந்தாம் நரம்பு, பார்வையைக் கொண்டுபோவது இரண்டாம் நரம்பு. இரண்டும் வெவ்வேறு வழிகள். இந்த இரண்டு பயங்களையும் சிரித்துத் தள்ளாமல், உட்காரவைத்து விளக்குகிற மருத்துவரிடம்தான் நம் பாட்டிமார் இரண்டாவது முறை வருகிறார்கள்.

நம் முன்னோர் பல்லைக் கவனிக்காதவர்கள் இல்லை. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதி என்று சொல்லும் பழமொழியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தக் குச்சிகளின் துவர்ப்பை இந்தப் புறநகரின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டாகும். மரப்பட்டையின் துவர்ப்புச் சத்து புரதத்தைப் பிடித்து இறுக்கும். வாயில் ஈறு இறுகினாற்போல் இருப்பது அதனால்தான். தோல் பதனிடுவதும் அதே வேலைதான். வேலம்பட்டையும் ஆவாரம்பட்டையும் தமிழ்நாட்டுத் தோல் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகப் போனவை. பல்லாவரம், பம்மல் பக்கம் தோல் தொழில் நெடுங்காலம் நடந்தது. மரப்பட்டைக்குப் பதில் குரோமியத்தால் தோல் பதனிட்ட ஒரு கம்பெனி வந்த இடத்துக்குத்தான் குரோம்பேட்டை என்று பெயரானது. ஈறை இறுக்கியதும் தோலை இறுக்கியதும் ஒரே துவர்ப்பு.

குச்சியை மென்று நாராக்கித் தேய்க்கும்போது பல்லின் முகப்பு சுத்தமாகும், உமிழ்நீரும் நன்றாகச் சுரக்கும். ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே நார் போவதில்லை, ஃப்ளோரைடும் அதில் இல்லை. குச்சிக்குப் பின்னால் வந்த செங்கல்பொடி, அடுப்புக்கரி, உமிக்கரி எல்லாம் எனாமலையே அராவுபவை. அறுபது வயதில் பல்லின் கழுத்தில் கத்தியால் செதுக்கியது போன்ற பள்ளத்தோடு வருகிறவர்களைக் கேட்டால், பலர் கரியும் பல்பொடியும் தேய்த்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள். வடநாட்டில் புகையிலை கலந்த பல்பொடியே விற்றார்கள். மத்திய அரசு 1992இல் பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதைத் தடை செய்தது. அந்தத் தடை உச்ச நீதிமன்றம்வரை போய் நிலைத்தது.

ஃப்ளோரைடு பற்றித் தென்சென்னைப் புறநகருக்கென்றே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பற்கள் பழுப்பேறின, எலும்புகளும் பாதிக்கப்பட்டன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அது ஒரு முக்கியக் காரணம். அந்தச் செய்திகளைக் கேட்டவர்களுக்கு ஃப்ளோரைடு என்றாலே விஷம் என்ற எண்ணம். இங்கே நிலைமை வேறு. தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் எத்தனையோ வீடுகள் குடிப்பதற்குக் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. இயந்திரத்தையோ நம்பியிருக்கின்றன. உப்பைப் பிரித்தெடுக்கும் அந்த முறை தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடையும் பெரும்பாலும் எடுத்துவிடும். கேன் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைக்குத் தண்ணீர் வழியாகக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு கிடைக்காது. அந்தப் பிள்ளைக்குப் பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடுதான் துணை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃப்ளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இந்திய விதிப்படி பேஸ்ட்டில் அதிகபட்சம் 1000 பி.பி.எம். இருக்கலாம், அளவை டியூபிலேயே அச்சிட வேண்டும். மூலிகைப் பேஸ்ட் என்று விற்கும் பலவற்றில் ஃப்ளோரைடே இல்லை. வாங்கும்போது டியூபைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படிப்பது நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பேஸ்ட், அதற்குமேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவது போலப் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டியதில்லை. துப்பிய பிறகு பத்துத் தடவை கொப்பளிப்பது நம் வழக்கம். அதையும் குறைத்துக்கொண்டால் ஃப்ளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கும்.

இரவில் பல் துலக்குவது இங்கே இன்னும் பழக்கமாகவில்லை. காலையில் எழுந்ததும் துலக்கிவிட்டுத்தான் காபி என்பதில் நாம் மிகக் கண்டிப்பு. பல்லுக்கு அதிகம் தேவைப்படுவது இரவுத் துலக்கல். தூங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரக்கும், அமிலத்தைக் கழுவ ஆள் இருக்காது. ரத்த அழுத்தத்துக்கும் வேறு சில நோய்களுக்கும் சாப்பிடும் மாத்திரைகளில் பல, வாயை மேலும் உலர்த்தும். பால் குடித்தபடியே தூங்கிப்போகும் குழந்தையின் மேல்முன்பற்கள் வரிசையாகக் கறுத்துப்போவதும் தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால்தான். “பால் பல்தானே, விழுந்துடும்” என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பால் கடைவாய்ப்பல் பத்து பன்னிரண்டு வயதுவரை இருந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டியது. அது முன்னதாகவே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னால் கிளிப் போடுவதற்கு ஆகும் செலவு அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் நகை என்றால் சிரிப்பு, பல், அணிகலன் மூன்றும்தான். முறுவல் என்ற சொல்லும் மூரல் என்ற சொல்லும் பல்லையும் குறிக்கும், புன்சிரிப்பையும் குறிக்கும். பல்லையும் சிரிப்பையும் ஒரே சொல்லில் வைத்திருந்த மொழி இது. அந்த மொழியைப் பேசும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் நாணம், பல நேரம் கறை படிந்த பல், விழுந்த பல், தெத்துப்பல். பெண் பார்க்க வரும் வாரத்தில் பல்லை வெள்ளையாக்கச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. வெள்ளைதான் ஆரோக்கியம் என்பது சரியில்லை. இயல்பான பல் லேசான மஞ்சள் சாயலோடுதான் இருக்கும். ஈறில் ரத்தம் கசிய, மேலே பற்களை மட்டும் வெளுக்கச் செய்வது ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. ஈறு இளஞ்சிவப்பாக, வாயில் நாற்றமில்லாமல் இருந்தால் கை தானாகவே வாயைவிட்டு இறங்கிவிடும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போவது? ஆறு மாதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா என்று ஆப்ரி ஷீஹாம் என்ற பல் மருத்துவ அறிஞர் 1977இல் லான்செட் இதழிலேயே கேட்டார். பிரிட்டனில் நான்கு ஆண்டுகள் நடந்து 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் அவரவர் ஆபத்துக்கேற்ற இடைவெளியில் வந்தவர்களுக்கும் ஈறு நலத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. இதைப் படித்துவிட்டு “அப்போ போகவே வேண்டாம்” என்று முடிவு கட்டினால் தவறு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே வழக்கமாக மருத்துவரிடம் போய்வருபவர்கள். வலி வந்தால் மட்டும் போகும் ஊருக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது. என் கருத்து இது: எல்லோரும் ஒருமுறை போய் முழு வாயையும் காட்டிவிட வேண்டும். அதன் பிறகு எப்போது வரவேண்டும் என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும். சொத்தை இல்லாத, ஈறு நன்றாக உள்ள பெரியவருக்கு ஆண்டுக்கொரு தடவை போதும். சர்க்கரை நோய், புகையிலை, உலர்ந்த வாய், கிளிப், கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் மூன்று முதல் ஆறு மாதம்.

சர்க்கரை நோயை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வில், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறின் அழற்சி திரும்பச் சர்க்கரையை ஏற்றும். 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களின் மூன்று மாதச் சர்க்கரை அளவு சுமார் 0.4 புள்ளி குறைந்ததாகக் காட்டியது. கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தாற்போன்ற பலன் என்றே சொல்லலாம். ஆனால் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் இடங்களில் பாதத்தைக் காட்டச் சொல்கிறார்கள், கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள். ஈறைக் காட்டச் சொல்வது அரிது.

புகையிலைக்கு வருவோம். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக வாய்ப் புற்றுநோய் வருகிறது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது, இருந்தும் மாவாவும் பொட்டலங்களும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிவித்துவிட்டது. பாக்குப் போடுகிறவர் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நடுமூன்று விரல்களைச் சேர்த்து நெட்டாக வாய்க்குள் நுழைக்க வேண்டும். நுழையாமல் வாய் இறுகியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதுவானாலும் அப்படித்தான்.

பக்கத்து மாநிலத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவுதான் சோதனை. 2005இல் வெளியான அதன் முடிவில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தமிழ்நாட்டிலும் 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி மாவட்டங்களில் வாய்ப் புற்றுக்கான சமூகப் பரிசோதனை முன்னோட்டமாகத் தொடங்கியது. 2021 ஆகஸ்டிலிருந்தே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோய் வாசலில் கொடுக்கிறார்கள். மாத்திரையைக் கொடுக்கும் அந்தக் கையில் ஒரு டார்ச்சு விளக்கும் இருக்கட்டும். “பல் துலக்கும்போது ரத்தம் வருதாம்மா? எந்தப் பல்லாவது ஆடுதா?” என்று இரண்டு கேள்விகளும் கேட்கட்டும். ஆமாம் என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ பல் மருத்துவக் கல்லூரிக்கோ ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். வளையமாக இத்தனை கல்லூரிகள் நிற்கும் தாம்பரத்தைவிட இதைத் தொடங்கப் பொருத்தமான இடம் வேறில்லை. மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அதில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. இன்றிரவு பல் துலக்கிவிட்டு வாஷ்பேசினில் துப்பிய நுரையைக் கழுவிவிடுமுன் ஒரு நிமிடம் பாருங்கள். அதில் சிவப்பு இருந்தால், வலிக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரத்திலேயே ஒருநாள் போய்க் காட்டிவிடுங்கள்.